மாதிரி விமானத்துக்கு என்ன உறை போடலாம்? காகிதம், துணி, ஃபிலிம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பால்சா என்னும் லேசான மரத்தாலான சட்டகத்தை ஒட்டி முடித்து, மணல்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கியாயிற்று. இனி அதன்மேல் எதைப் போர்த்துவது? முதல் விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்கிறார்கள். கடையில் பளபளக்கும் சிவப்பு ஃபிலிம் (சூட்டில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுருள் கண்ணில் படுகிறது. வாங்கி வந்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒட்டிவிடுகிறார்கள். ரப்பர் முறுக்கில் பறக்க வேண்டிய சின்ன விமானம் கையை விட்டதும் நேரே தரைக்கு இறங்குகிறது. சட்டகத்தில் குறை ஒன்றும் இருக்காது. உறையின் எடைதான் அதை எழும்பவிடாமல் செய்திருக்கும்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: முதலில் எடையைப் பாருங்கள், அடுத்து வலுவைப் பாருங்கள், நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வலு என்று ஏன் சொல்கிறேன் என்றால், உறையும் சட்டகத்தின் ஓர் உறுப்புதான். ரிப்களுக்கு (இறக்கையின் விலா எலும்பு போன்ற குறுக்குத் துண்டுகள்) நடுவே உள்ள இடைவெளியை மூடுவது அதன் வேலையில் ஒரு பாதி. இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துவது மறு பாதி. வெறும் சட்டகமாக இருக்கும்போது இறக்கையின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள், எளிதாக வளைந்து கொடுக்கும். டிஷ்யூ என்னும் மெல்லிய காகிதத்தை ஒட்டி, சுருங்கவைத்து, டோப் (உறையை இறுக்கி விறைப்பாக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு) பூசிய பிறகு அதே இறக்கையை முறுக்கிப் பாருங்கள். விறைப்பாக நிற்கும். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்துக்குப் போர்த்தியது ‘பிரைட் ஆஃப் த வெஸ்ட்’ என்ற பெயரில் கடைகளில் விற்ற மஸ்லின் துணி. அதன்மேல் டோப் எதுவும் பூசவில்லை. ஆனால் இழைகள் 45 டிகிரி சாய்வாக ஓடும்படி துணியை வெட்டிப் போர்த்தினார்கள். அதனால் துணியே இறக்கைக்குக் குறுக்குக் கட்டாகவும் உதவியது. இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ மரத்தால் ஆன விமானம். அதன் ஒட்டுப்பலகைக்கு மேலும் மடப்பொல்லம் என்னும் மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தி டோப் பூசினார்கள். அந்தத் துணி ஒரு காலத்தில் ஆந்திரத்து நர்சாப்பூர் பக்கம் நெய்யப்பட்டது.

முதல் படி: எடைக் கணக்கு

உறைக்கான காகிதமும் துணியும் ஜி.எஸ்.எம். கணக்கில் வரும். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். உங்கள் விமானத்தின் பரப்பளவு தெரிந்தால் உறையின் எடையைக் காசு செலவழிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

60 செ.மீ. இறக்கை நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள ஒரு ரப்பர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் பரப்பு 540 சதுர செ.மீ. மேலும் கீழும் ஒட்ட வேண்டும், ஆக 1,080. வாலுக்கும் உடற்பகுதிக்கும் ஏறக்குறைய இன்னொரு ஆயிரம் என்று வையுங்கள். மொத்தம் சுமார் 0.2 சதுர மீட்டர். 12 ஜி.எஸ்.எம். டிஷ்யூ போட்டால் காகிதம் மட்டும் 2.4 கிராம். டோப்பும் பசையும் சேர்ந்து இரண்டு மடங்கானாலும் 5 கிராமுக்குள் அடங்கிவிடும். இதற்கே 60 ஜி.எஸ்.எம். ஃபிலிம் போட்டால் 12 கிராம். முழு விமானமும் 40 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதலாக வரும் இந்த 7 கிராம் பெரிய சுமை. அதிலும் ஒரு பங்கு வாலில் போய் உட்காரும். அதைச் சமன்செய்ய மூக்கில் ஈயமோ களிமண்ணோ வைக்க வேண்டிவரும், எடை இன்னும் கூடும்.

அதே கணக்கை ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள ஒரு ரேடியோ கட்டுப்பாட்டு பயிற்சி விமானத்துக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேலே வரும். ஃபிலிம் 60 முதல் 70 கிராம். 2 கிலோ விமானத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அங்கே டிஷ்யூ போட்டு 50 கிராம் மிச்சம் பிடிப்பதில் பெரிய லாபம் கிடையாது, தரையிறங்கும்போது புல் குத்தியே கிழிந்துவிடும்.

ஆக, எந்தப் பொருள் சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. இந்த விமானத்துக்கு எது என்று கேட்க வேண்டும்.

என்னென்ன கிடைக்கும்

டிஷ்யூ. மாதிரி விமானங்களுக்கென்று வரும் நல்ல டிஷ்யூ 12 ஜி.எஸ்.எம்.மை ஒட்டி இருக்கும். நார் நீளமாக இருப்பதால் நனைந்தாலும் உடனே கிழியாது, காயும்போது நன்றாக இறுகும். பல ஆண்டுகள் ஜப்பானின் எசாகி டிஷ்யூதான் முதல் தேர்வாக இருந்தது. இப்போது அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. பழைய கையிருப்பு கிடைத்தால் வாங்கி வையுங்கள். பரிசுப் பொருள் சுற்றும் டிஷ்யூ 17, 18 ஜி.எஸ்.எம். இருக்கும். நார் குட்டை, ஈரத்தில் வலுவிழக்கும், அவ்வளவாக இறுகவும் செய்யாது. சென்னைக்காரர்களுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்குக் குறைவே இல்லை. அங்கே வாங்கும் டிஷ்யூவைக் கைப்பழக்கத்துக்குப் பயன்படுத்தலாம், நன்றாக வந்தால் விமானத்திலும் போடலாம். ஆனால் சோதிக்காமல் போடாதீர்கள். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, தண்ணீரில் நனைத்து, இரு பக்கமும் மெல்ல இழுங்கள். கூழாகப் பிரிந்தால் அது உதவாது. சற்றுத் தாங்கிப் பிறகு அறுந்தால் வேலைக்கு ஆகும்.

கனமான நீள்நார்க் காகிதம். சுமார் 21 ஜி.எஸ்.எம். தேயிலைப் பை செய்யும் காகிதத்தின் இனம். ஒரு மீட்டர் அளவுள்ள கிளைடருக்கும் சிறிய எஞ்சின் விமானத்துக்கும் ஏற்றது. ஈரமாக ஒட்டினால் வளைவுகளில் அழகாகப் படியும். டோப்பை நிறையக் குடிக்கும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலிஸ்பான். பார்வைக்குக் காகிதம் மாதிரி, உண்மையில் நெய்யாத பாலியெஸ்டர். தண்ணீருக்குச் சுருங்காது, சூட்டுக்குச் சுருங்கும். குத்தினால் எளிதில் கிழியாது. டோப் பூசித்தான் துளைகளை அடைக்க வேண்டும்.

மைலர். 5 மைக்ரான் பாலியெஸ்டர் படலம் சதுர மீட்டருக்கு 7 கிராம்தான். 1979-இல் மனிதன் பெடல் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த கோசமர் அல்பட்ராஸின் உறை மைலர்தான். ஈரப்பதம் அதை ஒன்றும் செய்யாது. மாதிரி விமானப் போட்டிக்காரர்கள் முதலில் மைலர் போட்டு, அதன்மேல் டிஷ்யூ ஒட்டுவார்கள். மைலர் கிழியாமல் தாங்கும், டிஷ்யூ முறுக்கத்தைத் தடுக்கும். நல்ல கூட்டணி, ஆனால் முதல் விமானத்துக்கு வேண்டாம்.

பட்டு. காஞ்சிப் பட்டை நினைக்காதீர்கள், அதன் கனமே வேறு. இங்கே பயன்படுவது ஹபோட்டாய் என்னும் மெல்லிய வெற்றுப் பட்டு. பட்டின் எடையை மொம்மி என்ற ஜப்பானிய அளவில் சொல்வார்கள். ஒரு மொம்மி ஏறத்தாழ 4.3 ஜி.எஸ்.எம். ஆகவே 5 மொம்மி பட்டு 21, 22 ஜி.எஸ்.எம். நனைத்துப் போர்த்தினால் எந்த வளைவிலும் சுருக்கமில்லாமல் படியும். டோப் பூசிய பட்டு இறக்கை வெயிலுக்கு எதிரே பறக்கும்போது ரிப்கள் தெரிய ஒளி ஊடுருவும். அந்த அழகுக்கு ஃபிலிமில் ஈடு கிடையாது. வேலை அதிகம், டோப்பும் பல கை (அடுக்கு) பூச வேண்டும்.

இஸ்திரி ஃபிலிம். ஜெர்மனியின் ஓராகவர், சீனாவிலிருந்து வரும் மலிவான சுருள்கள் என்று பல வகை. அடியில் பசை, மேலே நிறம். ஒட்டினால் வேலை முடிந்தது, பெயின்ட் வேண்டாம், எண்ணெய் பட்டால் துடைத்துவிடலாம். இறுக்கமாகவும் நிற்கும். ஆனால் முறுக்கத்தைத் தடுப்பதில் டோப் பூசிய டிஷ்யூவுக்கோ பட்டுக்கோ அது சமம் இல்லை. பழைய வரைபடத்தைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. டிஷ்யூ, பட்டு போடுவதாக நினைத்து வரைந்த இறக்கைக்கு ஃபிலிம் போட்டால் ரிப்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் சேர்க்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் வேகத்தில் இறக்கை நடுங்கும்.

இஸ்திரித் துணி. பின்பக்கம் பசை தடவிய பாலியெஸ்டர் நெசவு. ஃபிலிமை விடக் கனம், அதை விட வலு. முதல் உலகப் போர் காலத்து இரட்டை இறக்கை விமானங்களைப் பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு இதுவே பொருத்தம். இழை நெசவு வெளியே தெரிவதால் அசல் லினன் தோற்றம் வந்துவிடும்.

பழைய வரைபடங்களில் மாடல்ஸ்பான், சில்க்ஸ்பான், சோலார்ஃபிலிம், சோலார்டெக்ஸ் என்று பெயர்கள் வரும். தேடி அலைய வேண்டாம். லைட்வெயிட் மாடல்ஸ்பான் என்றால் 12 ஜி.எஸ்.எம். டிஷ்யூ, ஹெவிவெயிட் என்றால் 21 ஜி.எஸ்.எம். நீள்நார்க் காகிதம், சில்க்ஸ்பான் என்றாலும் அந்த இனத்துக் காகிதம்தான். சோலார்ஃபிலிம் என்றால் இஸ்திரி ஃபிலிம், சோலார்டெக்ஸ் என்றால் ஓராடெக்ஸ் போன்ற இஸ்திரித் துணி.

இரண்டாம் படி: எதற்கு எது

ரப்பர் விமானம், கையால் எறியும் சிறு கிளைடர், 100 கிராமுக்குள் வரும் மின்மோட்டார் விமானம் எல்லாவற்றுக்கும் டிஷ்யூ. பி-30 என்ற போட்டி வகையில் விமானத்தின் நீளமும் இறக்கையும் 30 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ரப்பர் நீங்கலாகக் குறைந்தது 40 கிராம் இருக்க வேண்டும். இந்த அளவில் டிஷ்யூவைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு மீட்டரை ஒட்டிய கிளைடருக்குக் கனமான காகிதம், பாலிஸ்பான் அல்லது லேசான வகை ஃபிலிம். அதற்கு மேலே போனால் ஃபிலிம். போர்க்கால விமானங்களின் பெரிய நகல் என்றால் துணி.

குளோ எஞ்சின் வைக்கிறீர்களா? அதன் எரிபொருளில் மெத்தனால் இருக்கிறது. டோப்பில் நைட்ரேட், பியூட்டிரேட் என்று வகைகள் உண்டு. நைட்ரேட் டோப்பை மெத்தனால் கரைத்துவிடும். அப்படியானால் பியூட்டிரேட் டோப் பூசுங்கள், அல்லது மேலே எரிபொருள் தாங்கும் வார்னிஷ் ஒரு கை கொடுங்கள். ஃபிலிம் போட்டால் இந்தக் கவலையே இல்லை, விளிம்புகள் நன்றாக ஒட்டியிருந்தால் போதும்.

தெர்மோகோல் விமானத்துக்கு விதி வேறு. டோப்பில் உள்ள கரைப்பான் தெர்மோகோலை உருக்கித் தின்றுவிடும். சாதாரண ஃபிலிமுக்கு வேண்டிய சூட்டில் தெர்மோகோல் இளகிக் குழி விழும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மெல்லிய பழுப்புக் காகிதத்தை நனைத்து ஒட்டுங்கள். காய்ந்ததும் ஓடு போல விறைப்பாகிவிடும். செலவும் குறைவு. குறைந்த சூட்டில் ஒட்டும் ஃபிலிமும் உண்டு. வாங்கும் முன் பொட்டலத்தில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் படித்துவிடுங்கள்.

மூடிய அரங்குக்குள் பறக்கும் எஃப்1டி வகை விமானங்கள் தனி உலகம். விமானமே சுமார் ஒன்றரை கிராம்தான். ஒரு காலத்தில் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைத் தண்ணீர்மேல் ஊற்றி, மிதக்கும் படலத்தை வளையத்தில் ஏந்தி எடுத்து இறக்கையில் ஒட்டினார்கள். வானவில் நிறம் காட்டும் அந்தப் படலத்தை ஒருமுறையாவது படத்தில் பாருங்கள்.

மூன்றாம் படி: டிஷ்யூ ஒட்டுவது

இதைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. அவசரப்படாமல் ஒரு முழு மாலை ஒதுக்குங்கள்.

முதலில் சட்டகம். 320 அல்லது 400 எண் மணல்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, ரிப்களும் விளிம்புகளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தேய்க்கவும். கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ரிப் ரிப்பாகத் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் பசைத் துளிகூட விரலுக்குத் தெரியும். இப்போது விட்டால் டிஷ்யூ இறுகியதும் அது மேடாக எழுந்து நிற்கும். டிஷ்யூ ஒட்டப்போகும் விளிம்புகளில் மட்டும் நீர்த்த டோப் இரண்டு கை பூசி, நடுவில் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

டோப் கிடைக்கவில்லையா? தச்சர்கள் மேசை நாற்காலிக்கு அடிக்கும் என்.சி. லேக்கரும் நைட்ரோசெல்லுலோஸ்தான். வன்பொருள் கடைகளில் தின்னருடன் கிடைக்கும். டோப் அளவுக்கு இறுக்காது, ஆனால் சிறு விமானத்துக்கு அதுவே நல்லது. இரண்டுமே சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ கேஸ் அடுப்போ எரியக் கூடாது.

அடுத்து நார் ஓட்டம். டிஷ்யூவின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும், மற்ற திசையில் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசைதான் நார் ஓடும் திசை. அது இறக்கையின் நீளவாக்கில், முனையிலிருந்து முனைக்கு ஓட வேண்டும். டிஷ்யூ நாருக்குக் குறுக்கே அதிகம் சுருங்கும். நாரை மாற்றிப் போட்டால் ரிப்களுக்கு நடுவே தொய்வு விழும். உடற்பகுதியில் மூக்கிலிருந்து வால்வரை நார் ஓடட்டும். டிஷ்யூவின் ஒரு பக்கம் சற்று மினுங்கும், அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும்.

இறக்கையின் ஒவ்வொரு தட்டையான பகுதிக்கும் தனித்தனித் துண்டு வெட்டுங்கள், சுற்றிலும் 2 செ.மீ. மிச்சம் விட்டு. இறக்கை மேல்நோக்கி மடியும் இடத்தில் ஒரே துண்டாக இழுக்கப் பார்க்காதீர்கள், சுருக்கம் விழாமல் வராது. வளைந்த முனைக்கும் தனித்துண்டுதான்.

கீழ்ப்பக்கத்தில் தொடங்குங்கள். புதியவர்களுக்குப் பசைக்குச்சிதான் எளிது, எழுதுபொருள் கடையில் விற்கும் ஃபெவிஸ்டிக் போதும். சுற்று விளிம்பில் மட்டும் மெல்லியதாகத் தடவி, டிஷ்யூவை மேலே போட்டு, நடுவிலிருந்து முனைகளை நோக்கி விரலால் நீவிவிடுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். இழுத்துப் பிடித்து இறுக்குவது உங்கள் வேலை இல்லை, அதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இறக்கையின் அடிப்பக்கம் உட்குழிவாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு ரிப்பிலும் பசை தடவ வேண்டும். இல்லாவிட்டால் டிஷ்யூ இறுகும்போது குழிவை விட்டு எழும்பி நேர்க்கோடாகிவிடும், இறக்கையின் வடிவமே போய்விடும்.

பசை காய்ந்ததும் புதிய பிளேடால் ஓரத்தை வெட்டுங்கள். பழைய பிளேடு டிஷ்யூவைப் பிய்த்துவிடும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேல்பக்கத் துண்டின் ஓரத்தைக் கீழ்ப்பக்கம் 2, 3 மி.மீ. மடித்து ஒட்டினால் விளிம்பு பலமாகும். பசைக்குச்சி தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் தண்ணீர் தெளிக்கும் முன் விளிம்பு முழுவதும் நீர்த்த டோப்பை ஒருமுறை தடவிவிடுங்கள். டோப் காகிதத்தின் வழியே ஊறி உள்ளே பூசியிருந்த டோப்புடன் சேர்ந்துகொள்ளும்.

இப்போது தண்ணீர். பனிபோல் தெளிக்கும் நல்ல ஸ்ப்ரே பாட்டிலில் சுத்தமான தண்ணீர் எடுத்து, ஒரு முழம் தள்ளி நின்று தெளியுங்கள். டிஷ்யூ முதலில் தொளதொளவென்று தொங்கும், பயப்பட வேண்டாம். உடனே இறக்கையைத் தட்டையான பலகைமேல் வையுங்கள். முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அடியில் 3 மி.மீ. பால்சாத் துண்டுகளைக் கொடுத்து, குண்டூசியாலோ சிறு எடைகளாலோ அழுத்தி நிறுத்துங்கள். அடியிலும் காற்று போக வேண்டும், ஈர டிஷ்யூ பலகையில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. வரைபடத்தில் இறக்கை முனையின் பின்விளிம்பைச் சற்றுத் தூக்கச் சொல்லியிருந்தால் அங்கே மட்டும் இன்னும் 2, 3 மி.மீ. கூடுதலாகக் கொடுங்கள். இறக்கை காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில்தான் கடைசிவரை நிற்கும். முழுக்கக் காயும் முன் எடுக்காதீர்கள்.

விரலால் சுண்டினால் டக்கென்று சத்தம் வர வேண்டும். இனி பாதிக்குப் பாதி தின்னர் கலந்த டோப் இரண்டு கை. ஒவ்வொரு கைக்குப் பிறகும் திரும்பப் பலகையில் அழுத்தி வையுங்கள். டோப் பல நாட்களுக்கு மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே இருக்கும், மெலிந்த இறக்கையை முறுக்கிவிடும். அதைத் தடுக்க 30 மி.லி. டோப்புக்கு மூன்று நான்கு சொட்டு விளக்கெண்ணெய் சேருங்கள். டோப் வளையும் தன்மையோடு இருக்கும், இறுக்கமும் மட்டுப்படும்.

வால் பகுதிதான் முதலில் முறுக்கும், ஏனென்றால் அதில் மரமே மெலிசு. வாலுக்குப் போடும் டிஷ்யூவை முன்கூட்டியே சுருக்கிவிடுவது நல்லது. பூத்தையல் வளையம் மாதிரி ஒரு சட்டத்தில் டிஷ்யூவை ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவைத்து, பிறகு வெட்டி ஒட்டுங்கள். அதன்மேல் மறுபடி தண்ணீர் வேண்டாம், மெல்லிய டோப் ஒரு கை போதும்.

ஃபிலிம் ஒட்டுவது

தூசிதான் இங்கே முதல் எதிரி. சட்டகத்தைத் தேய்த்த அறையிலேயே ஃபிலிமை விரிக்காதீர்கள். பால்சாத் துகள் ஒன்று உள்ளே மாட்டினாலும் பரு மாதிரி தெரியும். ஃபிலிமின் பின்பக்கத் தாளைப் பிரிக்க ஒரு வழி: மூலையில் இரு பக்கமும் ஒவ்வொரு செல்லோ டேப் துண்டு ஒட்டி, இரண்டையும் எதிரெதிராக இழுங்கள், பிரிந்துவிடும்.

இஸ்திரிப் பெட்டி சிறியதாக, அடியில் நீராவித் துளைகள் இல்லாததாக இருக்கட்டும். அடித்தட்டில் பழைய பருத்திக் காலுறை ஒன்றை மாட்டினால் ஃபிலிமில் கீறல் விழாது. பெரும்பாலான ஃபிலிம்கள் 100 டிகிரி செல்சியஸ் அளவில் ஒட்டும், 150 டிகிரியை நெருங்கும்போது நன்றாகச் சுருங்கும். இந்த எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஒரு துண்டில் சோதித்துவிட்டே தொடங்குங்கள். பளபளக்கும் உலோகத் தட்டைத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால் தவறான எண்தான் காட்டும். காலுறை மாட்டிய பிறகு அளப்பது மேல்.

முதலில் குறைந்த சூட்டில் நான்கு மூலைகளையும், பிறகு விளிம்பு முழுவதையும் ஒட்டுங்கள். சுற்றிலும் ஒட்டி முடிந்த பிறகுதான் சூட்டைக் கூட்டி நடுவே சுருக்க வேண்டும். இரு ரிப்களுக்கு நடுவில் உள்ள அறை நாலாபுறமும் மூடியிருந்தால் உள்ளே சூடான காற்று விரிந்து ஒட்டிய இடத்தைத் தள்ளிவிடும். ரிப்களில் முன்பே ஒரு சிறு துளை போட்டு வையுங்கள். மறந்துவிட்டால் அடிப்பக்க ஃபிலிமில் ஊசித் துளை ஒன்று போதும்.

வரிசை முக்கியம். கீழ்ப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. வாலிலிருந்து மூக்கை நோக்கி. ஓடு வேய்கிற மாதிரி, முன்னால் உள்ள துண்டு பின்னால் உள்ளதன்மேல் ஏறியிருந்தால் காற்றும் எஞ்சின் எண்ணெயும் இணைப்புக்குள் நுழையாது. ஒன்றன்மேல் ஒன்று 5 மி.மீ. ஏறினால் போதும். வெளிர் நிறத்தை முதலில் ஒட்டி, அடர்நிறத்தை அதன்மேல் ஏற்றுங்கள், மாற்றிச் செய்தால் கீழே உள்ள அடர்நிறம் கோடாகத் தெரியும்.

முடித்த பிறகு இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கியிருந்தால் எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே முறுக்கிப் பிடித்து, சூடு காட்டி, ஆறும்வரை விடாதீர்கள். டிஷ்யூவில் இது இவ்வளவு எளிதில் முடியாது.

பட்டும் துணியும்

பட்டை நனைத்து, பிழிந்து, ஈரமாகவே சட்டகத்தின்மேல் போட வேண்டும். ஈரப் பட்டு மரத்தில் தானாக ஒட்டிக்கொண்டு நிற்கும். விளிம்பில் நீர்த்த டோப்பைத் தூரிகையால் தொட்டு வைத்தால் துணியின் வழியே ஊறி உள்ளே பூசிய டோப்பைப் பிடிக்கும். நெசவு கோணாமல் நீளவாக்கில் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து இழுங்கள், காய்ந்த பிறகு திருத்த முடியாது. முதல் டோப்பைத் தூரிகையில் மிகக் குறைவாக எடுங்கள். நிறைய எடுத்தால் நெசவுக்குள் இறங்கி உள்பக்கம் துளித்துளியாக உறையும், அந்த எடையைப் பிறகு எடுக்கவே முடியாது.

இஸ்திரித் துணிக்கு ஃபிலிமின் முறையேதான். வளைவுகளில் ஃபிலிமை விட எளிதாக இழுபடும். வெட்டிய ஓரம் நூல் பிரியாமல் இருக்கக் கூர்மையான பிளேடு வேண்டும்.

மழையும் வெயிலும்

நம் கடலோர ஊர்களில் டிஷ்யூ போட்ட இறக்கை ஐப்பசி, கார்த்திகையில் காலையில் தொய்ந்து, மதியம் இறுகும். டோப் பூசிய பிறகும் இது முழுக்க நிற்காது. பறக்கவிடும் நாளன்று இறக்கையைப் பார்த்துவிட்டே ரப்பரை முறுக்குங்கள். அடைமழை நாளில் டோப் பூசவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, டோப் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்தால் காய்ந்த நாள் ஒன்றில் மேலே தின்னரை மட்டும் லேசாகப் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஃபிலிமுக்கு வெயில்தான் சோதனை. மின்விசிறிக்கடியில் இறுக்கமாக ஒட்டிய இறக்கை மே மாத மைதானத்தில் தொய்ந்து சுருக்கம் சுருக்கமாகத் தெரியும், ஏனென்றால் சூட்டில் ஃபிலிம் விரிகிறது. கறுப்பும் அடர்நீலமும் அதிகம் சூடாகும். நம் வெயிலுக்கு வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு நல்லது, வானத்தில் கண்ணுக்கும் தெரியும். அடிப்பக்கத்துக்கு மட்டும் அடர்நிறப் பட்டை போட்டால் விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

கிழிந்தால்

டிஷ்யூவில் சிறு துளை என்றால் அதே டிஷ்யூவில் வட்டமாக ஒரு துண்டு கிழித்து, நீர்த்த டோப் தொட்டு ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டிய ஓரத்தை விடக் கையால் கிழித்த ஓரம் நன்றாக மறையும். இரு ரிப்களுக்கு நடுவே பெரிதாகக் கிழிந்திருந்தால் அந்த அறை முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, நார் ஓட்டம் பார்த்துப் புதுத் துண்டு போடுங்கள். புதுத் துண்டுக்குத் தண்ணீரைத் தூரிகையால் மட்டும் தொடுங்கள், முழு இறக்கையையும் நனைக்காதீர்கள்.

ஃபிலிமில் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டு பிடிக்காது. ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் பெயரும். இதற்காகவே மிச்சமான ஃபிலிமையும் டிஷ்யூவையும் தூக்கி எறியாமல், எந்த விமானத்துடையது என்று எழுதி ஒரு குழாயில் சுருட்டி வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை வாங்கும் சுருளில் அதே நிறம் வரும் என்று சொல்ல முடியாது.